குறைந்த செலவில் தட்டு சுடப் பழகியது: ஒரு பழைய இரட்டைக்குழலும் ஒரு எறிகருவியும்

எறிகருவி வீசும் சின்னத் தட்டைப் பறக்கும்போதே ஷாட்கனால் (ரவை சிதறும் துப்பாக்கி) சுடும் இந்த விளையாட்டில் காசு எங்கே போகிறது என்று முதலில் ஒரு தாளில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு சுற்றுக்கு 25 தட்டு. தோட்டாவும் பெட்டிக்கு 25. ஒழுங்காகப் பழக வேண்டுமென்றால் ஒரு தடவை போனால் இரண்டு சுற்றாவது சுட வேண்டும். பத்துப் பெட்டி சேர்த்துக் கட்டிய 250 தோட்டா ஐந்தே தடவையில் காலி. துப்பாக்கியை ஒரு முறை வாங்கினால் நம் காலத்தையும் தாண்டி உழைக்கும். தோட்டாவும் தட்டும் போனால் போனதுதான். அதனால் துப்பாக்கி விலையில் மிச்சம் பிடித்து, அந்தக் காசைத் தோட்டாவுக்கும் பயிற்சிக்கும் ஒதுக்குவது என்று முடிவு செய்தேன்.

மிச்சம் பிடிக்கவே கூடாத இடங்களும் உண்டு. காது, கண், வாங்கும் துப்பாக்கியைச் சோதித்துச் சொல்லும் கைதேர்ந்த ஆள், அப்புறம் அந்தத் துப்பாக்கி நம் உடம்புக்குப் பொருந்துவது. இந்தப் பதிவு பெரும்பாலும் அந்தக் கடைசி விஷயத்தையும், பழுதாகிக் கிடந்த ஒரு எறிகருவியைச் சரிசெய்ததையும் பற்றியது.

உரிமம் பற்றி ஒரே வரி: உங்கள் ஊர்ச் சட்டம் என்ன சொல்கிறதோ அதை முழுக்க முடித்துவிட்டுத்தான் மற்றதெல்லாம். வாங்குவது, பூட்டி வைப்பது, எடுத்துப் போவது எல்லாவற்றுக்கும் விதி இருக்கும். உரிமம் கைக்கு வரும்வரை கிளப் துப்பாக்கியில் பழகலாம். அந்தக் காத்திருப்புக் காலம் வீண் இல்லை. கிளப்பில் இருக்கும் நாலைந்து துப்பாக்கிகளைத் தோளில் வைத்துப் பார்த்தால் எது நமக்கு ஒத்துவருகிறது என்று உடம்புக்கே தெரிந்துவிடும். அதற்கு முன்னால் கடைக்குப் போனால் பளபளப்பைப் பார்த்துத்தான் வாங்குவோம்.

முதல் நாளே பயிற்சியாளர் என் கண்ணைச் சோதித்தார். காசில்லாத சோதனை, யாரும் வீட்டிலேயே செய்யலாம். இரண்டு கையையும் நீட்டி, விரல்களைக் குறுக்கே சேர்த்து நடுவில் சின்ன ஓட்டை விட்டு, இரண்டு கண்ணும் திறந்தபடி தூரத்தில் உள்ள ஒரு பொருளை அந்த ஓட்டை வழியாகப் பார்க்க வேண்டும். பிறகு ஒவ்வொரு கண்ணாக மூடுங்கள். எந்தக் கண்ணை மூடும்போது பொருள் மறைகிறதோ அதுதான் ஆளும் கண். வலது தோளில் வைத்துச் சுடுபவருக்கு இடது கண் ஆளும் கண்ணாக இருந்தால், குழல் எங்கே பார்க்கிறது என்பதில் எப்போதும் ஒரு குழப்பம் இருக்கும். பாதுகாப்புக் கண்ணாடியின் இடது பக்கத்தில், அந்தக் கண் குழல்வாயைப் பார்க்கும் இடத்தில் மட்டும், மங்கலான டேப் துண்டு ஒன்றை ஒட்டினால் பலருக்குச் சரியாகிவிடும். எனக்கு வலது கண்தான் ஆள்கிறது, அதனால் டேப் தேவைப்படவில்லை. ஆனால் இதைப் பார்க்காமலே மாதக்கணக்கில் தோட்டாவைக் கரைப்பவர்களை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

காதுக்கும் கண்ணுக்கும் நல்லதையே வாங்கினேன். ஷாட்கன் வெடிச்சத்தம் 140 டெசிபெலைத் தாண்டும்; ஒரே வெடியில் கேட்கும் திறன் கெடக்கூடிய அளவு அது. காதுக்குள் நுரை அடைப்பான், அதன்மேல் காதுமூடி, இரண்டும் போடுகிறேன். கண்ணாடி போடுவது ரவைக்காக (தோட்டாவுக்குள் இருக்கும் சின்ன உலோகக் குண்டுகள்) மட்டும் இல்லை. தலைக்கு மேலே உடைந்த தட்டின் சில்லு கூரான விளிம்போடு கீழே வந்து விழும்.

சரி, துப்பாக்கி. 12 போர் (போர் என்பது குழல் துளையின் அளவு), குழல்கள் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும் ஓவர்-அண்டர் வகை. பழையது, மரக்கட்டையில் கீறல்கள், கறுப்பு மெருகு பாதி போனது. அதனாலேயே விலை இறங்கியிருந்தது. மெருகு போவதால் ஒரு தட்டும் தப்பிப் போவதில்லை. உள்ளே என்ன இருக்கிறது என்பதுதான் முக்கியம். கிளப்பில் பழம்தின்று கொட்டை போட்ட பெரியவர் ஒருவர் கூடவே வந்து, எப்படிப் பார்க்க வேண்டும் என்று ஒவ்வொன்றாகக் காட்டினார்.

முதலில் திறந்து, தோட்டா உட்காரும் இரண்டு அறையும் காலி என்று கண்ணால் பார்த்து, விரலாலும் தொட்டுப் பார்த்தார். அப்புறம் குழல்களைத் தனியே கழற்றி, அடிப்பக்கத்துக் கொக்கியில் ஒரு விரலை மாட்டித் தொங்கவிட்டு, நகத்தால் தட்டினார். நீளமாக, சுத்தமாக ஒலித்தது. குழல்களைச் சேர்க்கும் பட்டிகளின் பற்றவைப்பு எங்காவது விட்டிருந்தால் சத்தம் மொத்தென்று செத்துப்போகும். பிறகு குழலை வெளிச்சத்தை நோக்கிப் பிடித்து உள்ளே பார்க்கச் சொன்னார். உட்சுவரில் ஒளி வட்டம் வட்டமாக, ஒன்றுக்குள் ஒன்றாகத் தெரியும். குழலைத் திருப்பிக்கொண்டே பார்த்தால், நசுங்கலோ உப்பலோ இருக்கும் இடத்தில் அந்த வட்டம் நெளியும் அல்லது ஒரு பக்கம் உடையும். இந்தப் பார்வை பழகக் கொஞ்சம் நேரம் பிடிக்கிறது, ஆனால் ஒரு முறை கண்ணுக்குப் பிடிபட்டுவிட்டால் எந்தக் குழலிலும் சட்டென்று தெரிந்துவிடும்.

மூன்றாவது சோதனைதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. குழலுக்கு அடியில் இருக்கும் முன்கட்டையைக் கழற்றிவிட்டுத் துப்பாக்கியை மூடி, தோளில் வைக்கும் பின்கட்டையை இடுப்போடு அணைத்துக்கொண்டு குழலைப் பக்கவாட்டிலும் மேலும் கீழும் அசைத்துப் பார்ப்பது. முன்கட்டை மாட்டியிருந்தால் அதன் ஸ்பிரிங் இழுப்பிலேயே தேய்மானம் மறைந்துவிடும், அதனால் அதைக் கழற்றியே ஆக வேண்டும். லேசாக ஆடினாலும் பூட்டு தேய்ந்திருக்கிறது என்று அர்த்தம். மேலே உள்ள திறப்பு நெம்புகோலையும் பார்க்க வேண்டும். புதிய துப்பாக்கியில் அது நடுக்கோட்டுக்குச் சற்று வலப்பக்கம் நிற்கும். தேயத் தேய நடுவுக்கு வந்து, கடைசியில் இடப்பக்கம் போகும். என்னுடையது இன்னும் வலப்பக்கம்தான் நின்றது.

பின்கட்டை இரும்போடு சேரும் இடத்தில், நெம்புகோலுக்குப் பின்னால், மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று பூதக்கண்ணாடியில் பார்த்தோம். அதிர்வு முழுவதையும் மரம் வாங்குவது அங்கேதான். அடுத்து இரண்டு அறையிலும் போலித் தோட்டா போட்டு விசையை அழுத்தினோம். ஒற்றை விசைத் துப்பாக்கிகள் பலவற்றில் முதல் வெடியின் உதைதான் விசையை இரண்டாவது குழலுக்கு மாற்றுகிறது. போலித் தோட்டாவில் உதை இல்லாததால் இரண்டாவது குழலுக்கு விசை வேலை செய்யாதது போலத் தோன்றும். கட்டையின் அடியை உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டினால் மாறிவிடும். இது தெரியாதவர்கள் நல்ல துப்பாக்கியைப் பழுது என்று ஒதுக்கிவிடுவார்கள்.

கடைசியாக, குழலில் பொறித்திருக்கும் சோதனை முத்திரையும் அறை நீளமும். பழைய துப்பாக்கிகளில் சில 65 மில்லிமீட்டர் அறை கொண்டவை. இப்போது சாதாரணமாகக் கிடைக்கும் தோட்டா 70. அந்த 70 என்பது வெடித்து வாய் விரிந்த பிறகு உள்ள நீளம். மடிந்த நிலையில் அது 65 அறைக்குள் தாராளமாகப் போய் உட்கார்ந்துவிடும், அங்கேதான் ஆபத்து. வெடிக்கும்போது மடிப்பு விரிய இடமில்லாமல் அழுத்தம் எகிறும். என் துப்பாக்கி 70 என்று தெளிவாகப் பொறித்திருந்தது. இருந்தும் கன்ஸ்மித் (துப்பாக்கி பழுதுபார்ப்பவர்) ஒருவரிடம் கொடுத்துக் குழல் சுவரின் தடிமனை அளந்து வாங்கிக்கொண்டேன். எஃகு ரவைத் தோட்டாவை இதில் போட வேண்டாம், ஈயம் மட்டும் என்று அவர் சொன்னார். பழைய, இறுக்கமான சோக் (குழல்வாய்க்கு அருகே உள்ள குறுகல்) வைத்த குழலுக்கு எஃகு ரவை ஆகாது. ஈயத்துக்குத் தடை உள்ள இடத்தில் இருப்பவர்கள் இந்த ஒரு கேள்வியை வாங்குவதற்கு முன்பே கேட்டுவிட வேண்டும்.

இனி பொருத்தம். ஷாட்கனில் பின்பக்கக் குறிப்பான் கிடையாது, அந்த வேலையை நம் கண்ணே செய்கிறது. கன்னம் கட்டையில் எங்கே படுகிறதோ அதைப் பொறுத்துக் கண் உயரும், தாழும், அதைப் பொறுத்து ரவை போய் விழும் இடமும் மாறும். என்னுடையதில் கன்னம் படும் மேல்விளிம்பு எனக்குத் தாழ்வாக இருந்தது. காலியான துப்பாக்கியை, மறுபடி ஒரு முறை சோதித்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு தோளில் ஏற்றி, கன்னத்தை இயல்பாகச் சாய்த்து, பிறகு கண்ணைத் திறந்து முகம் பார்க்கும் கண்ணாடியில் பார்த்தேன். என் கருவிழியின் கீழ்ப்பாதி குழலின் பின்முனைக்குக் கீழே மறைந்திருந்தது. கழுத்தை நிமிர்த்தினால்தான் முழுக் கண்ணும் தெரிந்தது. இப்படித் தலையைத் தூக்கிச் சுட்டால் கன்னம் கட்டையை விட்டு விலகும், உதை கன்ன எலும்பில் வந்து அடிக்கும், அதோடு ஒவ்வொரு முறையும் கண் வேறு வேறு உயரத்தில் நிற்கும்.

இதற்குக் கட்டையை மாற்ற வேண்டியதில்லை. நீர் உறிஞ்சாத அடர்ந்த நுரைத்தாள், 1.5 மில்லிமீட்டர் தடிமன், ஒரு பக்கம் பசை உள்ளது. அதை மேல்விளிம்பின் அளவுக்கு நீளமாக வெட்டி, ஓரங்களைச் சரிவாகச் சீவி, ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டினேன். மரத்தின் மெருகு கெடாமல் இருக்க அடியில் முதலில் ஒரு அடுக்கு காகித டேப். மேலே, கன்னம் வழுக்கிக்கொண்டு போக, துணி டேப். ஒவ்வொரு அடுக்கு ஏறியதும் கண்ணாடி முன்னால் நின்று பார்த்தேன். கருவிழி முழுவதும் குழல்மேல் ஓடும் பட்டிக்கு மேலே வந்து உட்கார்ந்ததும் நிறுத்திக்கொண்டேன்.

எவ்வளவு ஏற்றினால் ரவை எவ்வளவு ஏறும் என்பதற்கு நேரான கணக்கு இருக்கிறது. கண்ணிலிருந்து குழல்வாய்வரை ஏறத்தாழ 95 சென்டிமீட்டர். கண் 3 மில்லிமீட்டர் உயர்ந்தால் 15 மீட்டரில் அடி, அதாவது ரவை விழும் இடம், சுமார் ஐந்து சென்டிமீட்டர் ஏறும், 36 மீட்டரில் பதினொரு சென்டிமீட்டர். ஒரு தட்டின் விட்டமே 11 சென்டிமீட்டர்தான். இரண்டு துண்டு நுரைத்தாளில் ஒரு தட்டு அளவுக்கு அடி மாறுகிறது என்றால், விலை உயர்ந்த துப்பாக்கியை விடப் பொருத்தம் ஏன் பெரிது என்று புரியும்.

நீளம் இன்னொரு விஷயம். தோளில் ஏற்றியதும் கட்டைவிரலின் அடிமூட்டுக்கும் மூக்குக்கும் நடுவே இரண்டு மூன்று விரல் இடைவெளி இருந்தால் போதும். குறைந்தால் கை மூக்கில் இடிக்கும். கூடினால் ஏற்றும்போது கட்டை அக்குளில் சிக்கும். எனக்குச் சற்றுக் குட்டையாக இருந்ததால் மேலே மாட்டும் ரப்பர் உறை ஒன்றைப் போட்டேன், நீளமும் சரியானது, உதையும் தணிந்தது. யாரும் எடுத்த எடுப்பில் மரத்தை அறுக்க வேண்டாம். பயிற்சி ஏற ஏற நிற்கும் நிலையே மாறும், தலை சாயும் விதம் மாறும். ஒட்டியதைப் பிரிக்கலாம், அறுத்ததை ஒட்ட முடியாது.

அடுத்து அடி எங்கே விழுகிறது என்று தாளில் பார்க்கும் வேலை. மரச்சட்டத்தில் பழுப்புத்தாளை ஒன்றேகால் மீட்டர் சதுரத்துக்கு விரித்து, நடுவில் கறுப்புப் பொட்டு வைத்தேன். முதலில் 15 மீட்டரில், ரைபிள் போல நிதானமாகக் குறிபார்க்காமல், தட்டுக்கு ஏற்றுவது போல ஏற்றி உடனே சுடுவது. ஒரே தாளில் சில வெடிகள் விழுந்ததும் கூட்டம் எங்கே நிற்கிறது என்று தெரிந்துவிடும். பொட்டுக்குக் கொஞ்சம் மேலே, பக்கவாட்டில் விலகாமல் இருந்தது. தட்டு பெரும்பாலும் ஏறுமுகமாகப் போகும் என்பதால் அடி சற்று மேலே இருப்பது எனக்கு வசதி. தட்டைக் குழலால் மறைக்காமல், பார்த்துக்கொண்டே சுடலாம்.

பிறகு 36 மீட்டருக்குப் பின்னால் போய், தாளுக்கு ஒரே ஒரு வெடி. ரவை அடர்த்தியாக விழுந்த இடத்தை மையமாக வைத்து, 37.5 சென்டிமீட்டர் நூலில் பென்சிலைக் கட்டி வட்டம் போட்டால் 75 சென்டிமீட்டர் வட்டம் கிடைக்கும். அதற்குள் இருக்கும் ஓட்டைகளைப் பேனாவால் புள்ளி வைத்துக்கொண்டே எண்ண வேண்டும். நான் சுடுவது 24 கிராம், 2.4 மில்லிமீட்டர் ஈய ரவை, அதாவது தோட்டாவுக்கு ஏறத்தாழ 300 ரவை. இந்தத் தூரத்தில் முழு இறுக்கமான ஃபுல் சோக் எழுபது சதவீதத்தையும், பாதி இறுக்கமான ஹாஃப் அறுபதையும் வட்டத்துக்குள் போட வேண்டும் என்பது வழக்கமான அளவுகோல். சோக்கே இல்லாத நேர்க்குழல் நாற்பதுதான் போடும்.

எண்ணிக்கையை விட எனக்கு உதவியது இன்னொன்று. அட்டையில் தட்டின் முழு வட்டத்தையும், பக்கவாட்டில் பார்க்கும்போது தெரியும் ஒல்லியான வடிவத்தையும் ஓட்டையாக வெட்டிக்கொண்டு, அதைத் தாளின்மேல் நகர்த்தினேன். எங்கே வைத்தாலும் மூன்று நான்கு ரவை உள்ளே தெரிந்தால் அங்கே தட்டு தப்பாது. என் இரண்டு குழல்களில் ஃபுல் சோக் உள்ளது நடுவில் நெருக்கமாகக் குவித்து ஓரத்தை வெறுமையாக விட்டது. பழகுபவர் சுடும் இருபது இருபத்தைந்து மீட்டரில் அது இன்னும் சின்னக் குவியலாகத்தான் இருக்கும், நூலிழை பிசகினாலும் தப்பிவிடும். என் குழல்களில் சோக்கைக் கழற்றி மாற்ற முடியாது. அதனால் தோட்டாவை மாற்றினேன். பிளாஸ்டிக் கிண்ணத்துக்குள் ரவை இருக்கும் தோட்டாவுக்குப் பதில், நார்த்தக்கை (மருந்துக்கும் ரவைக்கும் நடுவே நாரால் ஆன அடைப்பு) வைத்தது. கிண்ணம் இல்லாததால் ரவை குழல் சுவரில் உரசி, கொஞ்சம் நசுங்கி, சீக்கிரம் விரிகிறது. தாளில் வித்தியாசம் பளிச்சென்று தெரிந்தது. திடலில் பிளாஸ்டிக் சிதறாது என்பது கூடுதல் நன்மை. ஹாஃப் குழலில் முதல் வெடி, நார்த்தக்கைத் தோட்டா. இப்போதைக்கு இதுதான் என் ஏற்பாடு.

24 கிராம் போதுமா என்று கேட்பவர்கள் உண்டு. ஒலிம்பிக்கின் தட்டு சுடும் போட்டிகளான டிராப், ஸ்கீட் இரண்டிலும் விதிப்படி அதுதான் உச்ச அளவு. உலகின் தலைசிறந்தவர்கள் அதில்தான் உடைக்கிறார்கள். உதை குறைவதால் இரண்டாம் சுற்றின் கடைசித் தட்டுவரை தோள் தாங்குகிறது, உதைக்குப் பயந்து கண் சிமிட்டும் பழக்கமும் ஒட்டிக்கொள்வதில்லை. தோட்டா விஷயத்தில் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும்: 12 போர் வைத்திருப்பவர் பையில் 20 போர் தோட்டா ஒன்றுகூட இருக்கக் கூடாது. அது ஒல்லி என்பதால் அறைக்குள் நழுவிப் போய்க் குழலின் கழுத்தில் நின்றுகொள்ளும். பின்னால் பார்த்தால் அறை காலியாகத் தெரியும். அதன்மேல் 12 போர் போட்டுச் சுட்டால் குழல் வெடிக்கும். 20 போர் தோட்டாவை மஞ்சள் நிறத்தில் செய்வதே இதற்காகத்தான்.

எறிகருவிக்கு வருகிறேன். கிளப்பின் கொட்டகையில் கையால் இழுத்து மாட்டும் ஸ்பிரிங் எறிகருவி ஒன்று துருவேறிக் கிடந்தது. சரிசெய்தால் ஆள் குறைவாக இருக்கும் நேரத்தில் ஒதுக்குப்புறத் திடலில் பயன்படுத்திக்கொள்ளலாம் என்றார்கள். நம் சொந்த நிலத்தில் வைத்துச் சுடலாமே என்று தோன்றும். ஆனால் தட்டுக்கான சின்ன ரவையே இருநூறு மீட்டர்வரை போய் விழும். சுடும் திசை முழுவதும் 275, 300 மீட்டர் வரை ஆள், வீடு, பாதை, மேய்ச்சல், நீர்நிலை எதுவும் இல்லாமல் இருக்க வேண்டும். அப்படிப்பட்ட இடம் கிளப்பிடம்தான் இருந்தது.

கருவியின் கோளாறு எளிது. எறிந்தால் பாதித் தட்டு கருவியின் எறியும் கையிலேயே உடைந்தது, மீதி தள்ளாடிக்கொண்டு போய் விழுந்தது. ஏன் என்று புரிய, தட்டு எப்படிப் பறக்கிறது என்று தெரிய வேண்டும். 110 மில்லிமீட்டர் விட்டம், 105 கிராம் எடை, சுண்ணாம்புக்கல் தூளும் தார்ப்பிசினும் சூடாகக் கலந்து அச்சில் அழுத்தியது. பழைய நாளில் உயிருள்ள புறாவையும், அதற்குப் பிறகு கண்ணாடிப் பந்தையும் எறிந்து சுட்டார்கள். 1880-ல் அமெரிக்காவின் சின்சினாட்டியைச் சேர்ந்த ஜார்ஜ் லிகோவ்ஸ்கி சுழன்றுகொண்டே மிதந்து போகும் தட்டைக் கொண்டுவந்தார். சுட்ட களிமண்ணால் ஆன அந்தத் தட்டு ரவை பட்டும் எளிதில் உடையவில்லை, அதனால்தான் பிற்பாடு தார்ப்பிசினுக்கு மாறினார்கள். ஆனால் சுழற்சி என்ற அடிப்படை இன்றுவரை மாறவில்லை. எறியும் கை சுற்றும்போது தட்டு அதன் விளிம்புச் சட்டத்தோடு உருண்டு வெளியே போகிறது. அந்த உருளல்தான் சுழற்சியைத் தருகிறது, சுழற்சிதான் தட்டைச் சாயாமல் நிறுத்துகிறது. உருளப் பிடிமானம் வேண்டும், அதற்காகச் சட்டத்தில் ரப்பர் பட்டை ஒட்டியிருப்பார்கள். இந்தக் கருவியில் அது வழவழவென்று தேய்ந்து, முனையில் பிய்ந்து போயிருந்தது. தட்டு உருளாமல் வழுக்கியது. பிய்ந்த முனையில் இடித்து உடைந்தது.

கை வைப்பதற்கு முன்னால் ஸ்பிரிங். மாட்டிய நிலையில் இருக்கும் எறிகை, தெரியாமல் விடுபட்டால் கை எலும்பை முறிக்கும், மண்டையைப் பிளக்கும். ஆகவே கையை விடுவித்த நிலையில் வைத்து, இழுவிசைத் திருகை முழுக்கத் தளர்த்தி, ஸ்பிரிங் தொளதொளவென்று ஆடும்வரை திருப்பிய பிறகுதான் பக்கத்தில் போனேன்.

பழைய ரப்பரைச் சூடுகாட்டி உரித்து, அடியில் இருந்த துருவையும் பசையையும் உப்புத்தாளால் தேய்த்து, இரும்பு பளிச்சென்று தெரியும்வரை கொண்டுவந்தேன். புதிய பட்டைக்கு, உள்ளே துணி இழை ஓடும் ரப்பரை மூன்று மில்லிமீட்டர் தடிமனில் எடுத்தேன். இழை இல்லாத ரப்பர் இழுபட்டு நீண்டு, சில நாளில் விளிம்பில் தூக்கிக்கொள்ளும். ஒட்டும் பக்கத்தை உப்புத்தாளால் சொரசொரப்பாக்கி, இரும்பிலும் ரப்பரிலும் பசை தடவி, தொட்டால் விரலில் ஒட்டாத அளவுக்குக் காயவிட்டு, பிறகு ஒரு முனையிலிருந்து அழுத்திக்கொண்டே போய் ஒட்டினேன். இரவு முழுவதும் கிளாம்ப் போட்டு வைத்தேன். வெளிமுனையில் ரப்பர் இரும்பைவிட ஒரு நூல் அளவுகூடத் துருத்தக் கூடாது. கத்தியால் சரிவாகச் சீவி, விரலை ஓட்டிப் பார்த்தேன்.

தட்டைப் பிடிக்கும் சின்னத் தகடு ஸ்பிரிங்கும் வளைந்து இறுகியிருந்தது. தட்டைச் செருகினால் விரல் அழுத்தத்தில் உள்ளே போக வேண்டும், கையைக் கவிழ்த்தால் விழாமல் நிற்க வேண்டும். அவ்வளவு பிடி போதும். சுழலும் அச்சைக் கழுவி கிரீஸ் போட்டேன், மரைகளுக்கு அதிர்வில் கழலாத நைலான் நட்டு. அடிப்பலகைதான் மிச்ச வேலை. கருவி எறியும்போது தானே துள்ளினால் ஒவ்வொரு தட்டும் வேறு வேறு வழியில் போகும். தடித்த பலகையில் போல்ட் போட்டு, அதன்மேல் மணல்மூட்டை ஏற்றினேன், அசையவில்லை.

எறிகை சுற்றும் வட்டத்தைத் தரையில் வெள்ளைச் சுண்ணாம்பால் வரைந்து, அதற்கு வெளியே அரை மீட்டர் தள்ளி இன்னொரு வட்டம். கை மாட்டியிருக்கும்போது வெளி வட்டத்துக்குள் யாரும் வரக் கூடாது, தட்டு வைப்பவர் பின்னால் நின்று மட்டும் வைக்க வேண்டும், விடுவிப்பது நீளக் கயிற்றால். இழுவிசையைக் குறைவில் தொடங்கி, கால் சுற்றாக ஏற்றிக்கொண்டே போனேன். தட்டு சமமாக, தள்ளாடாமல் போக ஆரம்பித்த இடத்தில் நிறுத்தினேன். அதற்கு மேல் ஏற்றினால் தூரம் கொஞ்சம்தான் கூடுகிறது, உடைவது நிறையக் கூடுகிறது. பழகுபவருக்கு மெதுவான தட்டே நல்லது. தட்டுப் பெட்டிகளை வெயிலில் வைப்பதும் தவறு, பிசின் இளகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், பிரிக்கும்போது விளிம்பு தெறிக்கும். நிழலில், ஈரமில்லாத இடத்தில் அடுக்கினோம்.

இந்த வேலையால் எனக்குக் கிடைத்தது நினைத்த வேகத்தில், நினைத்த கோணத்தில், ஒரே தட்டைத் திரும்பத் திரும்பப் பார்க்கும் வசதி. காசு கட்டிச் சுடும் சுற்றில் அது கிடைக்காது. முதலில் நேராக விலகிப் போகும் தட்டு. அது பழகிய பிறகுதான் கோணம். கடைசியில் குறுக்கே போவது. குறுக்குத் தட்டு ஏன் கஷ்டம் என்பதற்கும் கணக்கு இருக்கிறது. 30 மீட்டர் போக ரவைக்கு ஏறத்தாழ பத்தில் ஒரு நொடி ஆகும். நொடிக்கு 20 மீட்டர் வேகத்தில் போகும் தட்டு அதற்குள் இரண்டு மீட்டர் நகர்ந்துவிடும். அந்த இரண்டு மீட்டரை அளந்து பார்த்துச் சுட முயன்றால் கண் குழலுக்கு வந்துவிடும், குழல் நின்றுவிடும், அடி பின்னால் போகும். தட்டின் பின்னால் தொடங்கி, அதே கோட்டில் அதைவிட வேகமாகக் குழலைக் கொண்டுபோய், தட்டைத் தாண்டும்போது விசையை அழுத்தி, அழுத்திய பிறகும் குழலை நிறுத்தாமல் ஓட்டுவது எனக்குச் சரிப்பட்டு வந்தது. கண் முழுவதும் தட்டின் முன்விளிம்பில்தான் இருக்க வேண்டும்.

இதில் பாதியை வீட்டிலேயே, ஒரு தோட்டாகூடச் செலவில்லாமல் பழகினேன். காலி என்று இரு முறை பார்த்த துப்பாக்கி, தோட்டாக்கள் வேறு அறையில் பூட்டி. ஒல்லியான பேனா டார்ச் ஒன்றின்மேல் டேப் சுற்றிக் குழல்வாய்க்குள் இறுக்கமாக நிற்க வைத்தேன். சுவரும் கூரையும் சேரும் கோட்டில், அறையின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு வெளிச்சப் பொட்டை நகர்த்திக்கொண்டே துப்பாக்கியைத் தோளுக்கு ஏற்றுவது. ஏற்றும் நொடியில் பொட்டு கோட்டை விட்டுத் துள்ளினால் கையும் தலையும் சேர்ந்து வேலை செய்யவில்லை என்று உடனே தெரியும். கன்னம் கட்டைக்கு வர வேண்டும் என்று தலையைக் குனியாமல், கட்டை கன்னத்துக்கு வரும்வரை இரண்டு கையும் ஒன்றாக உயர வேண்டும். இரவில் பத்து நிமிஷம் போதும். கை அசந்த பிறகு தொடர்ந்தால் தப்பான அசைவுதான் பழகும்.

மிச்சம் பிடிக்க இன்னும் சில வழிகள். சில கிளப்களில் தட்டு எறியவும் மதிப்பெண் எழுதவும் ஆள் தேவைப்படும், செய்பவர்களுக்குச் சுற்று இலவசம். எறிபவர் இடத்திலிருந்து நாள் முழுக்க மற்றவர்களின் அடியைப் பார்ப்பதே ஒரு பாடம். தோட்டாவை நாமே மறுபடி நிரப்புவது 12 போரின் சாதாரணச் சுமைக்கு உழைப்புக்கு ஏற்ற மிச்சம் தருவதாக எனக்குத் தெரியவில்லை, கருவிக்குப் போடும் காசில் நிறையத் தோட்டா வாங்கிவிடலாம். பிரத்யேக உடுப்பு, தோல் பை எல்லாம் காத்திருக்கலாம். தோட்டாவுக்கு இரண்டு பெரிய பாக்கெட் உள்ள மேலங்கி போதும்.

வீடு திரும்பியதும் சுத்தம் செய்வதைத் தள்ளிப்போடுவதில்லை. குழலுக்குள் பித்தளைத் தூரிகை, கரைப்பான், காய்ந்த துணி, கடைசியில் எண்ணெய் மெல்லிய பூச்சாக. கொக்கி உரசும் இடத்தில் மட்டும் துளி கிரீஸ். ஈயம் கையில் ஒட்டியிருக்கும் என்பதால் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் சாப்பாட்டில் கை வைப்பேன்.

கன்னத்து நுரைத்தாளின் உயரத்தில் இப்போது மாற்றம் தேவைப்படுவதில்லை. அடி ஒரே இடத்தில் நிற்கிறது, தாளில் மறுபடி சரிபார்த்துவிட்டேன். அந்த உயரத்தை அளந்து கன்ஸ்மித்திடம் கொடுத்திருக்கிறேன். மேல்விளிம்பை அறுத்து, ஏற்றி இறக்கும் திருகு வைத்துத் தருகிறார். கூடவே ஃபுல் குழலின் சோக்கையும் கால் அளவுக்குத் திறந்து தரச் சொல்லியிருக்கிறேன். துப்பாக்கி வந்ததும் முதல் வேலை, பழுப்புத்தாளை மறுபடி சட்டத்தில் விரிப்பது.